ஏகாம்பரம் வீட்டில் தங்கிய நிலநடுக்கம்

தொவுலாத் தீவில் பூமி ஆடினால் யாரும் எழுந்து ஓடுவதில்லை. அடுப்பில் இருப்பதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் இருக்கிற பிள்ளையை மறு கையால் பிடித்துக்கொண்டு, பேசிக்கொண்டிருந்த பேச்சை அந்த இடத்திலேயே நிறுத்தி வைப்பார்கள். ஆட்டம் அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். பசிபிக் கடலில், பிஜியின் பெரிய தீவிலிருந்து படகில் ஒரு பகல் தூரத்தில் கிடந்த அந்தத் தீவில், கரும்பு வெட்டக் கூட்டி வரப்பட்டு, ஆலை மூடிய பிறகும் எங்கே போவது என்று தெரியாமல் தங்கி, தங்கியதே பழகி, பழகியதே ஊராகிப்போன தமிழ்க் குடும்பங்கள் மேற்குப் பக்கமும், அவர்களுக்கு முன்னால் எப்போதிலிருந்தோ இருந்துவரும் தீவுக்காரர்கள் கிழக்குப் பக்கமும் குடியிருந்தார்கள். நடுவில் ஓர் ஓடை, அதன் மேல் ஒரு தென்னைமரப் பாலம். இந்தப் பக்கப் பிள்ளைகள் அந்தப் பக்கமும் அந்தப் பக்கப் பிள்ளைகள் இந்தப் பக்கமும் விளையாடி வளர்ந்ததில், பாதிப் பேருக்குத் தாங்கள் எந்த மொழியில் கனவு காண்கிறோம் என்பதே தெரியாது.

அங்கே எத்தனையோ நிலநடுக்கங்கள் வந்து போயிருக்கின்றன. வந்தது போகாமல் தங்கிவிட்டது படகு பழுது பார்க்கும் ஏகாம்பரத்தின் வீட்டில் மட்டும்தான்.

அது அவனுடைய தப்பும் இல்லை, நிலநடுக்கத்தின் தப்பும் இல்லை. பழகிப்போன கைகளின் தப்பு. தீவில் யங்கோனா என்று ஒரு வேர் உண்டு. அதை இடித்துத் துணியில் கட்டி, தண்ணீரில் பிசைந்து, கலங்கலாக மரத்தொட்டியில் எடுத்து, கொட்டாங்கச்சியில் மொண்டு குடிப்பார்கள். நாக்கு மரத்துப்போகும், மனசு அடங்கும், அடிக்க வந்தவனும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிடுவான். தீவுக்குப் புதிதாக யார் வந்தாலும் முதல் கொட்டாங்கச்சி அவருக்குத்தான். அவர் அதை ஒரே மூச்சில் காலி செய்ததும் கூடியிருப்பவர்கள் கை தட்டுவார்கள். தட்டிவிட்டால் அவர் விருந்தாளி. அதற்குப் பிறகு அவரைக் கிளம்பச் சொல்ல ஊரில் ஒருவருக்கும், தலைவருக்கேகூட, உரிமை கிடையாது. எந்த வீட்டில் குடித்தாரோ அந்த வீட்டுக்காரன் அவருடைய மூட்டையைத் தூக்கிக்கொண்டு கடற்கரைத் துறைவரை கூட நடந்து வழியனுப்பினால்தான் அவர் போக முடியும். இந்த வழக்கம் கிழக்குப் பக்கத்துடையது, ஆனால் மேற்குப் பக்கத்துத் தமிழர்கள் அதை அவர்களைவிடக் கண்டிப்பாகக் கடைப்பிடித்தார்கள்.

அன்று சாயங்காலம் ஏகாம்பரத்தின் வீட்டில் பாய் விரித்து ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். கிழக்குப் பக்கத்துத் தலைவருக்காக ஊர்ச் சபையில் பேசுகிறவனும், ஏகாம்பரத்தோடு சிறு வயதிலிருந்தே மச்சான் மச்சான் என்று சுற்றியவனுமான இலைத்தியா, நிறைய மொண்ட கொட்டாங்கச்சியை வாயருகே கொண்டுபோன நேரத்தில் ஆடியது. லேசான ஆட்டம். ஆனால் கொட்டாங்கச்சி சாய்ந்து, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் பாயில் கொட்டி, பலகை இடுக்கு வழியே இறங்கி, வீட்டுக்கு அடியில் இருந்த மண்ணுக்குள் போய்விட்டது. காலியான கொட்டாங்கச்சியைக் கண்டதும் எல்லோருடைய கைகளும் தாமாகவே தட்டிவிட்டன. தட்டிய பிறகுதான் அவரவர் தங்கள் கைகளைப் பார்த்துக்கொண்டார்கள்.

இலைத்தியா கொட்டாங்கச்சியைக் கவிழ்த்துப் பார்த்தான். "யாருக்குத் தட்டுனோம்?" என்று கேட்டான்.

தரைக்கு அடியில் ஏதோ ஒன்று, படுக்குமுன் நாய் சுற்றி வருவதுபோல் ஒரு சுற்றுச் சுற்றி, மெல்ல அதிர்ந்தபடி தங்கிக்கொண்டது.

மறுநாள் காலை ரேடியோவில் சொன்னார்கள், கடலுக்கடியில் லேசான நிலநடுக்கம், சேதம் எதுவும் இல்லை, பெரிய அலைகள் வரும் அபாயம் இல்லை, சில நொடிகளில் அடங்கிவிட்டது என்று. ஏகாம்பரம் அந்தச் செய்தியை முழுதாகக் கேட்டான். கேட்டுக்கொண்டிருக்கும்போதே ரேடியோ மேசையின் ஓரத்தை நோக்கி மெதுவாக ஊர்ந்து வந்தது. எழுந்துபோய் அதைப் பின்னால் தள்ளி வைத்துவிட்டு வந்து மீதியைக் கேட்டான்.

இந்த இடத்தில் செங்கம்மாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஏகாம்பரத்தின் மனைவி. ஆள் ஒல்லிதான், ஆனால் நடந்தால் வீடு அதிரும். தரையோடு ஏதோ வழக்கு இருப்பதுபோல் குதிகாலை ஊன்றி ஊன்றி நடப்பாள். அதுவோ மரக்கால்களின் மேல் நிற்கிற பலகை வீடு. அவள் அடுப்படியிலிருந்து கிளம்பினால் வாசலில் உட்கார்ந்திருப்பவனுக்கு உட்கார்ந்த இடத்திலேயே தெரியும். செங்கம்மா வருகிறாள், டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவளுடைய அக்காவே கேலி செய்வாள். ஏகாம்பரமும் சொல்லிப் பார்த்திருக்கிறான், கொஞ்சம் மெதுவாகத்தான் நடயேன் என்று. அதற்கு அவள் இன்னும் இரண்டு மடங்கு அழுத்தி நடப்பாள். அவள் செத்து இரண்டு மழைக்காலம் ஆகியிருந்தது. அந்த இரண்டு மழைக்காலமும் வீட்டுத் தரை அசையவே இல்லை. வீடு வெறிச்சென்று இருக்கிறதா என்று கேட்டவர்களிடம் அதெல்லாம் இல்லை என்று சொல்லிவந்தான். தரை அசையாமல் இருப்பதுதான் தாங்க முடியவில்லை என்று சொன்னால் கேட்பவர்கள் என்ன நினைப்பார்களோ என்று இருந்தது.

விருந்தாளி வந்த மறுநாள் விடியும் நேரம், அவன் படுத்திருந்த பலகை லேசாக அதிர்ந்தது. அதிர்வு அடுப்படியில் தொடங்கி, தண்ணீர்ப் பானை இருக்கும் மூலையில் சற்று நின்று, நடு அறையைத் தாண்டி அவன் தலைமாட்டுக்கு வந்து, அங்கே ஒரு கணம் தயங்கி, பிறகு வாசல் பக்கம் போனது. அடி வைத்து அடி வைத்துப் போனது. ஏகாம்பரம் கண்ணைத் திறக்கவில்லை. திறந்தால் ஒன்றும் இருக்காது என்று அவனுக்குத் தெரியும். மூடிக்கொண்டிருக்கும்வரை ஒன்றும் குறையவில்லை என்பதும் தெரிந்துவிட்டது. அவனுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. இதை யாரிடமும் சொல்லக் கூடாது என்றும் அப்போதே முடிவு செய்துகொண்டான்.

ஊருக்கு அதைவிட வேறு கவலைகள் இருந்தன. விருந்தாளி என்றால் சாப்பாடு போட வேண்டுமே. முதல் நாள் கிழக்குப் பக்கத்திலிருந்து வாழையிலையில் சுட்ட மீனும், மேற்குப் பக்கத்திலிருந்து சாம்பார் சாதமும் கொண்டுவந்து வீட்டின் நடுவில் வைத்தார்கள். மீன் அப்படியே இருந்தது, சாம்பார் சாதத்தில் சாம்பார் கீழேயும் சாதம் மேலேயுமாகப் பிரிந்துவிட்டது. ஆக, அது சாப்பிடாது, ஆனால் சும்மாவும் இருக்காது என்று புரிந்துகொண்டார்கள். அதற்குப் பிறகு ஊர் சும்மா இருக்குமா. பெண்கள் முறத்தில் அரிசியை எடுத்துவந்து தரையில் வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தால், பேச்சு முடிவதற்குள் கல் ஒரு பக்கமும் உமி ஒரு பக்கமும் ஒதுங்கிவிடும். தூங்காத பிள்ளைகளைக் கொண்டுவந்து பாயில் போட்டார்கள். அதிர்ச்சியில் அழவேண்டிய பிள்ளைகள் அதிர்வில் தூங்கின. முழங்கால் வலிக்காரரான நாயக்கர், தினமும் சாயங்காலம் வந்து இரண்டு கால்களையும் நீட்டி உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம் இடது பக்கம் என்று கீழே பார்த்துச் சொல்வார், அதுவும் இடது பக்கம் போகும். கோழிகள் முதலில் வீட்டுக்கடியில் போக மறுத்தன, பிறகு அங்கேதான் முட்டையிட்டன. தேவாலயத்துக்குப் புதிதாகத் தரை போட்டபோது கலவை இறுகுவதற்கு அதை ஒரு நாள் அனுப்ப முடியுமா என்று கிழக்குப் பக்கத்தில் கேட்டார்கள். விருந்தாளியை வேலை வாங்குவது முறையில்லை என்று இலைத்தியா சொல்லிவிட்டான். நாயக்கரின் முழங்கால் மட்டும் எந்தக் கணக்கில் சேரும் என்று ஒரு பெண் முணுமுணுத்தாள்.

தலைநகரிலிருந்து ஓர் இளைஞன் பெட்டி போன்ற கருவி ஒன்றோடு வந்தான். நல்ல பையன். வீட்டுக்குள் கருவியை வைத்தான். அதன் முள் காகிதம் தீரும்வரை கோடு கிழித்தது. அதன் பிறகு அவனுக்கும் முதல் கொட்டாங்கச்சி கொடுத்து, கை தட்டி, மீன் குழம்பு போட்டார்கள். கிளம்பும்போது அவன் வருத்தத்தோடு சொன்னான், இந்த நிலநடுக்கம் முடிந்துவிட்டதாக ஏற்கெனவே பதிவாகிவிட்டது, முடிந்ததை மறுபடி எப்படி எழுதுவது என்று. அதில் நியாயம் இருப்பதாக எல்லோருக்கும் பட்டது. ஏகாம்பரம் அவன் பையைத் தூக்கிக்கொண்டு துறைவரை போய் வழியனுப்பிவிட்டு வந்தான்.

செங்கம்மாவின் அக்கா தைலம்மா அடுத்த வீட்டில் இருந்தாள். வாய் நீளம், மனசும் நீளம். முதல் சில நாட்கள் அவள் இந்தப் பக்கம் வரவே இல்லை. பூமியை வீட்டுக்குள் விட்டவன் நாளைக்குக் கடலையும் விடுவான் என்று வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் காலையில் சலிக்க மாவு எடுத்துக்கொண்டு வந்தாள். அடுப்படியில் உட்கார்ந்தாள். அதிர்வு தண்ணீர்ப் பானையடியில் நின்றது, நடு அறையைத் தாண்டியது, வாசலுக்குப் போய்த் திரும்பி வந்தது. தைலம்மாவின் கை சல்லடையிலேயே நின்றுவிட்டது. ஏகாம்பரம் அவளைப் பார்க்காமல் உளியைத் தீட்டிக்கொண்டிருந்தான்.

"தம்பி," என்றாள் கடைசியில். "இது அவ நடை."

"ஆமாங்கக்கா."

"எத்தன நாளா தெரியும் உனக்கு?"

"வந்த மறுநாளே."

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, சலித்த மாவையே மறுபடி சலிக்க ஆரம்பித்தாள். அன்றிலிருந்து தினமும் காலையில் வந்தாள். சில நாட்கள் மாவு கொண்டுவர மறந்துபோய் வெறும் சல்லடையோடு வந்தாள். இருவரும் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள், அது அவர்களைச் சுற்றி வீட்டு வேலை செய்வதுபோல் நடந்துகொண்டிருக்கும். ஏகாம்பரத்துக்கு உடம்பு தேறியது. வேலை செய்யும்போது வாய்க்குள் பாடினான். மத்தியானம் இருவருக்குச் சமைத்துவிட்டு, இரண்டு பங்கையும் அவனே சாப்பிட்டான்.

தேடி வந்தவர்கள் மெதுவாகத்தான் வந்தார்கள். விளக்கு வைக்கும் நேரத்தில், கிழக்கே பவளப் பாறைகளுக்கு அப்பாலிருந்து ஓர் அதிர்வு வரும். முதலில் நாய்களுக்கு மட்டும் கேட்டது. சில நாட்கள் கழித்துக் கிணற்றுத் தண்ணீர் விளிம்பில் மோதியது. இன்னும் சில நாட்கள் கழித்துக் கடல் கொஞ்சம் பின்வாங்கி, எதையோ தேடுவதுபோல் கரையை மேலும் கீழும் தடவிவிட்டுத் திரும்பியது. ரேடியோவில் ஒவ்வொரு முறையும் லேசான நிலநடுக்கம் என்றுதான் சொன்னார்கள். ஆனால் அந்த நேரங்களில் எல்லாம் ஏகாம்பரத்தின் வீட்டுக்கடியில் இருந்தது மூச்சுக் காட்டாமல் நின்றுவிடும். விளையாடப் போன வீட்டில் தன் பெயரைக் கூப்பிடும் குரல் கேட்டால், பிள்ளை கதவுக்குப் பின்னால் போய் நிற்குமே, அப்படி. கூப்பிடுவது ஓய்ந்த பிறகுதான் மறுபடி நடமாடத் தொடங்கும். ஏகாம்பரம் இதைக் கவனித்தான். கவனித்ததைத் தனக்கே சொல்லிக்கொள்ளாமல் இருந்தான்.

கிழக்குப் பக்கத்துச் சபை வீட்டில் இரு பக்கத்தவரும் கூடினார்கள். மலைமேல் ஏறிவிடலாமா என்று சிலர் கேட்டார்கள். ஏறலாம், ஆனால் எத்தனை நாள் மலையில் இருப்பது. நாயக்கர், தேடி வருகிறவர்கள் அதன் சொந்தக்காரர்கள்தானே, அவர்களையும் ஒரு நாள் கூப்பிட்டு யங்கோனா கொடுத்துவிட்டால் என்ன என்று கேட்டார். இது குட்டி, இதைப் பெற்றது எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று ஒவ்வொருவரும் மனசுக்குள் அளந்து பார்த்தார்கள். நாயக்கரே தன் யோசனையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

பிறகு இலைத்தியா பேசினான். தலைவருக்காகப் பேசும்போது அவன் நிமிர்ந்து உட்கார்ந்து பேசுவான்; அன்று ஏகாம்பரத்தைப் பார்த்துக் குனிந்து பேசினான்.

"யாரோ பெத்த பிள்ளை நம்ம வீட்டுல இருக்கு. நாம ஒரு வார்த்தை சொல்லி அனுப்பல. அவங்க தேடி வர்றதுல தப்பே இல்ல மச்சான். ஆனா அதப் போகச் சொல்ல எங்க யாருக்கும் வாய் இல்ல. உனக்குத்தான் இருக்கு."

ஏகாம்பரம் கைகளைப் பிசைந்தான். எல்லோரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னால் முடியாது என்றான். ஏன் என்று யாராவது கேட்பார்கள் என்று பயந்தான், யாரும் கேட்கவில்லை. முறைப்படி அவனை வற்புறுத்தவும் யாருக்கும் உரிமை இல்லை, அதனால் யங்கோனா குடித்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். வழியெல்லாம் இலைத்தியா அவன் தோள்மேல் கை போட்டுக்கொண்டே வந்தான். அது திட்டுவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

அடுத்த தடவை கடலிலிருந்து வந்தது முன்னைப்போல் இல்லை. விளக்கு வைத்துக்கொண்டிருந்த நேரம், இரண்டு இழுப்பு. தைலம்மாவின் வீட்டில் அடுப்படிச் சுவர் அப்படியே உட்கார்ந்துவிட்டது. ஏகாம்பரம் ஓடிப்போய்க் கல்லையும் மண்ணையும் வாரிப் போட்டு அவளை வெளியே இழுத்தான். பாதம் நசுங்கியிருந்தது, நெற்றியில் ரத்தம். அவளைத் தூக்கிக்கொண்டுவந்து தன் வீட்டுப் பாயில் கிடத்தி, காலைக் கழுவித் துணி சுற்றினான். பலகைக்கடியில் அது ஆடாமல் அசையாமல் ஒடுங்கிக் கிடந்தது.

"என்னால வந்ததுக்கா," என்றான்.

"ஆமா, உன்னாலதான். வேற யாரால?" என்றாள் அவள், பல்லைக் கடித்துக்கொண்டு. பிறகு மெதுவாகச் சொன்னாள், தானும் தினமும் காலையில் கண் விழித்ததும் இங்கே ஓடிவரத்தான் தவிப்பதாகவும், தன்னைக் கேட்டால் ஆயுசுக்கும் அது இங்கேயே இருக்கட்டும் என்றுதான் சொல்லுவதாகவும். செங்கம்மா போன விதம் அப்படி. ஒரு மத்தியானம் அவரைக்காய் நறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், பாதி நறுக்கியபடி சுவரில் சாய்ந்தாள், அவ்வளவுதான். பக்கத்து அறையில் இருந்த புருஷனுக்கும் தெரியவில்லை, பக்கத்து வீட்டில் இருந்த அக்காவுக்கும் தெரியவில்லை.

"அவள நீயும் அனுப்பல, நானும் அனுப்பல. அவளா போயிட்டா," என்றாள் தைலம்மா. "அங்க ஒருத்தி பிள்ளையக் காணோம்னு தலைய முட்டிக்கிறா. இதையாவது ஒழுங்கா அனுப்பி வை தம்பி."

ஏகாம்பரம் வாசலில் போய் நின்று அழுதான். செங்கம்மா செத்த அன்று அழாத அழுகை அது. வந்தவர்களுக்கு நாற்காலி தேடவும் பந்தல் போடவும் அன்று பொழுது சரியாகப் போயிருந்தது. அழுது முடித்ததும் இலைத்தியாவுக்கு ஆள் அனுப்பினான்.

வழியனுப்புவதில் இரண்டு சிக்கல் இருந்தது. ஒன்று, மூட்டை. விருந்தாளியின் மூட்டையை வீட்டுக்காரன் சுமக்க வேண்டும், இது வரும்போது ஒன்றும் கொண்டுவரவில்லை. இலைத்தியா யோசித்து, அன்று யங்கோனா கொட்டிய பாய்தான் அதன் உடைமை என்று தீர்ப்புச் சொன்னான். இரண்டாவதுதான் பெரிய சிக்கல். துறையில் நின்று சொல்லும் சொல் அந்தத் தீவில் வெறும் சொல் இல்லை. அங்கே வா என்று சொன்னால் அது அழைப்பு, அழைத்தால் வருவார்கள், வந்தே தீருவார்கள். மேற்குப் பக்கத்துத் தமிழர்களுக்கோ, போகிறவர்களைப் பார்த்துப் போ என்று சொல்லி வழக்கமே இல்லை. பால்காரனையும் போயிட்டு வா என்றுதான் அனுப்புவார்கள், வேண்டாத சம்பந்தியையும் போயிட்டு வாங்க என்றுதான் அனுப்புவார்கள். வா என்ற சொல் இல்லாமல் வழியனுப்ப அவர்கள் நாக்குக்குத் தெரியாது.

"இந்தத் தடவை கொட்டாங்கச்சி சாஞ்சதால வந்துச்சு, தனியா வந்துச்சு," என்றான் இலைத்தியா. "நாம வான்னு கூப்பிட்டு வந்தா குடும்பத்தோட வரும். போ. அவ்வளவுதான் மச்சான். ஒரே எழுத்து."

தைலம்மா படுத்தபடியே அவனுக்குச் சொல்லிக்கொடுத்தாள். போ. சொல்லு. போ. அவனும் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தான். ஒவ்வொரு தடவையும் அதன் வாலில் இன்னொன்று ஒட்டிக்கொண்டு வரப் பார்த்தது. வாயை இறுக்கி மூடிக்கொண்டான்.

மறுநாள் வெயில் தாழ்ந்ததும், பாயைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு, வா என்று அதற்கு மட்டும் கேட்கும்படி சொல்லிவிட்டு, ஏகாம்பரம் படியிறங்கினான். அது இறங்குமோ இறங்காதோ என்று ஊரே பார்த்துக்கொண்டிருக்க, கடைசிப் படி லேசாக ஆடியது, அவன் பின்னால் ஒரு அடி தள்ளி மண் அதிர்ந்தது. அவன் நடந்தான், அதுவும் நடந்தது. அவன் பலாமரத்தைத் தாண்டினான், பலாமரத்தின் இலைகள் ஒரு தரம் சிலிர்த்து நின்றன. அம்மன் கோவிலைத் தாண்டினான், மணி தானாக ஒருமுறை ஒலித்தது. தென்னைமரப் பாலத்தைத் தாண்டினான், ஓடைத் தண்ணீரில் வட்டங்கள் விரிந்தன. தேவாலயத்தையும் கிழக்குப் பக்கத்து வீடுகளையும் தாண்டினான், வாசல்தோறும் நின்றவர்கள் தங்கள் பாதங்களுக்குக் கீழே ஒருத்தி நடந்து போவதை உணர்ந்து தலை தாழ்த்தினார்கள். செங்கம்மாவும் அப்படித்தான், எங்கே போனாலும் அவனுக்கு ஒரு அடி பின்னால் வருவாள், இந்த மனுஷனுக்குக் காலில் சக்கரம் என்று வழியெல்லாம் குறை சொல்லிக்கொண்டு. ஏகாம்பரம் அன்று மெதுவாக நடந்தான். எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக நடந்தும் கடற்கரை வந்துவிட்டது.

கடல் பாறைவரை பின்வாங்கி நின்றது. படகுகள் சேற்றில் சாய்ந்து கிடந்தன. தூரத்தில், தண்ணீர் சுவராக எழவும் இல்லை, பரவவும் இல்லை, சும்மா கனத்து நின்றது. பின்னால் ஊர் முழுவதும் வந்து நின்றது. தைலம்மாவை நாற்காலியில் வைத்துத் தூக்கி வந்திருந்தார்கள். ஏகாம்பரம் பாயை ஈர மணலில் வைத்தான்.

"போ," என்றான்.

அது போகவில்லை. அவன் பாதங்களுக்கு அடியில் நின்று மெல்ல அதிர்ந்துகொண்டிருந்தது.

"போ," என்றான் மறுபடியும், கொஞ்சம் உரக்க. அது அவன் காலோடு இன்னும் நெருங்கி வந்து ஒட்டிக்கொண்டது. பாறைக்கு அப்பால் தண்ணீர் ஒருமுறை இடம் மாறி நின்றது. பின்னால் ஒரு பிள்ளை அழுதது, யாரோ அதன் வாயைப் பொத்தினார்கள். இலைத்தியா மட்டும் இன்னொரு தடவை சொல்லு என்பதுபோல் தலையசைத்தான். ஆனால் ஏகாம்பரத்துக்கு விளங்கிவிட்டது. தன் வீட்டில் இத்தனை நாள் இருந்ததற்குத் தன் வீட்டுப் பழக்கம்தானே வந்திருக்கும். போ என்பது அங்கே கோழியை விரட்டும் சொல். அதைக் கேட்டு யார் கிளம்புவார்கள்.

அவன் மணலில் குந்தினான். உள்ளங்கையைத் தரையில் வைத்தான். கைக்குள் அது படபடவென்று அடித்துக்கொண்டது.

"பாத்துப் போயிட்டு வா," என்றான்.

உடனே போய்விட்டது. கைக்கடியில் மணல் வெறும் மணலாகிவிட்டது. ஒரு நடுக்கம் கரையிலிருந்து கடலை நோக்கி, ஈரத்தில் சிறு சுருக்கங்கள் போட்டபடி, குதிகால் ஊன்றி ஊன்றி ஓடிற்று. பாறையருகே தண்ணீர் குனிந்ததுபோல் இருந்தது. பிறகு கடல் சத்தமில்லாமல் திரும்பி வந்து, படகுகளை நிமிர்த்தி, பாயை எடுத்துக்கொண்டு, அவன் கணுக்காலை நனைத்துவிட்டு அடங்கியது.

யாரும் அவனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவன் சொன்னதை எல்லோரும் கேட்டிருந்தார்கள். நாற்காலியில் இருந்த தைலம்மா மட்டும், சொல்லித் தொலைச்சிட்டியா என்று கேட்டாள். கேட்டவள் அவன் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு வீடுவரை விடவில்லை. அது ஒரு நாள் வரும், தனியாக வராது என்பதில் தீவில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. எப்போது என்றுதான் தெரியாது. அதற்காக இன்று செய்யவேண்டியதைச் செய்யாமல் இருக்க முடியுமா என்று, அன்று இரவுக்குள்ளேயே இலைத்தியா பழைய வலைகளைப் பிரித்துக் கயிறாக்கி வீடு வீடாகக் கொடுத்துக்கொண்டு வந்தான். கிழக்குப் பக்கத்திலும் மேற்குப் பக்கத்திலும் தட்டு அலமாரிகளைச் சுவரோடு கட்டினார்கள், ஜாடிகளைக் கீழே இறக்கினார்கள், அம்மன் கோவிலில் மணியை இழுத்துக் கட்டினார்கள், தேவாலயத்தில் விளக்குகளைக் கட்டினார்கள். கட்டும்போது அவரவர் வீட்டுச் சமாச்சாரத்தைப் பேசிக்கொண்டார்கள்.

கடைசியாக ஏகாம்பரத்தின் வீட்டுக்கு வந்து, ஒரு கட்டுக் கயிற்றை நீட்டி, "உனக்கும்தான் மச்சான்," என்றான் இலைத்தியா.

ஏகாம்பரம் கயிற்றை வாங்கிக்கொண்டான். நல்ல கயிறு என்றான். அதைக் கொண்டுபோய்க் கொல்லையில் நின்ற ஆட்டைக் கட்டிவிட்டு, கைகால் கழுவிக்கொண்டு உள்ளே வந்து, எதையும் கட்டாத வீட்டில், காது தரையில் படும்படி படுத்துக்கொண்டான்.